ஒரே வலையைக் கொடுத்துப் பிள்ளைகளை இறக்காதீர்கள்

தோழர்களே, லைட்ஹவுஸ் குப்பத்து அண்ணன்மாரே, அக்காமாரே, கோரைக்குப்பம், அரங்கங்குப்பம், கூனங்குப்பம், வைரவன்குப்பம் என்று இந்தப் பழவேற்காட்டு மணல்திட்டு நெடுக இருக்கிற இளைஞர் மன்றத் தம்பி தங்கைகளே!

வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வலை பின்னும் கூடத்தில் கூடுகிறோம். அன்றைக்கு ஒரு நோட்டு கை மாறிக் கை மாறி வரும். ஆறாம் வகுப்பில் இருந்து ஒன்பதாம் வகுப்பு வரை படிக்கிற நம் பிள்ளைகளின் பெயர் ஒரு பக்கம். எதிர்ப்பக்கம் ஒரே ஒரு ஆட்டத்தின் பெயர். கபடி, இல்லாவிட்டால் வாலிபால். அதற்கு நேரே அப்பாவோ அம்மாவோ கையெழுத்துப் போட வேண்டும். போட்டுவிட்டால் அந்தப் பிள்ளை இன்னொரு ஆட்டத்துக்குப் போகக் கூடாது. காலையும் மாலையும், வருஷம் முழுக்க, அதே கிரவுண்டு, அதே ஆட்டம்.

கையெழுத்துப் போடாதீர்கள். இதைச் சொல்லத்தான் ராத்திரி விளக்கைப் போட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். பள்ளிக்கூடம் திறக்க இன்னும் சில நாள்தான். திறந்துவிட்டால் பிள்ளைகள் விடிகாலை நாலரைக்கு எழுந்து ஓடத் தொடங்கிவிடுவார்கள். அப்புறம் பேசிப் பிரயோஜனம் இல்லை. படகு கரையில் இருக்கும்போதே பேசிவிடுவோம்.

நோட்டைக் கொண்டு வருகிறவர்கள் நமக்கு எதிரிகள் இல்லை. என்னோடு மணலில் கோடு கிழித்து ஆடிய தம்பிகள் அவர்கள். அவர்களுடைய கணக்கு எனக்குத் தெரியும். ஏழாம் வகுப்பில் விளையாட்டு விடுதியில் இடம். அங்கே மூன்று வேளைச் சாப்பாடு, நல்ல பள்ளிக்கூடம், காலுக்கு ஷூ. அதற்கப்புறம் ஸ்டேட் லெவல் சர்டிபிகேட். அதை வைத்துக் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீடு, ரயில்வேயிலோ போலீஸிலோ ஒரு வேலை. ஏரியை நம்பி இனிப் பிள்ளை பிழைக்குமா என்று பயந்துகொண்டிருக்கிற வீட்டில் இந்தக் கணக்கைத் தப்பு என்று யார் சொல்ல முடியும்? நான் சொல்லவில்லை. அந்த வாசலுக்கு நம் பிள்ளைகள் போக வேண்டும். அதற்காகப் பதினொரு வயசிலேயே மற்ற எல்லா வாசலையும் நம் கையாலேயே சாத்திவிட வேண்டுமா என்றுதான் கேட்கிறேன்.

எனக்கு அப்படித்தான் சாத்தினார்கள்.

எட்டாம் வகுப்பில் நான் கபடி ஆடினேன். குறுவட்டப் போட்டியில் 400 மீட்டர் ஓடினேன். அப்பாவோடு ஏரியில் இறங்கி, பையன்களுக்குச் சமமாக நீந்தினேன். அந்த வருஷம் வெளியூரில் ஓர் இடத்தில் பயிற்சிக்குச் சேர்த்தார்கள். இடத்தின் பெயர் வேண்டாம், அங்கே என்னைச் சொந்தப் பிள்ளை மாதிரிப் பார்த்துக்கொண்டவர்களும் உண்டு. சேர்ந்த முதல் வாரத்திலேயே, "ஓட்டத்த எல்லாம் விட்டுடும்மா, நீ கார்னர் பிளேயர், இனிமே உனக்கு அதான்" என்று சொல்லிவிட்டார்கள். நாலு வருஷம் இடது கார்னரில் நின்றேன். ரெய்டு வருகிறவளின் கணுக்காலைப் பிடிக்க வலது முழங்காலை மடித்துக் குந்த வேண்டும், பாய வேண்டும், விழ வேண்டும், எழுந்து மறுபடி குந்த வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று எண்ணியதே இல்லை. தீபாவளிக்கு இரண்டு நாள், பொங்கலுக்கு மூன்று நாள் லீவு. பிளஸ் டூ படிக்கும்போது ஒரு செலக்‌ஷன் மேட்சில், யாரும் தள்ளவில்லை, யாரும் மேலே விழவில்லை, நானாகத் திரும்பினேன். முழங்காலுக்குள்ளே நனைந்த கயிறு அறுகிற மாதிரி ஒரு சத்தம். லிகமெண்ட்.

அதற்கப்புறம் அங்கிருந்து ஒரு போன்கூட வரவில்லை. அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். ஊருக்குத் திரும்பி வந்தபோது எனக்கு வேறு எதுவுமே தெரியவில்லையே, அதைத்தான் தாங்க முடியவில்லை. ஓட்டம் மறந்துபோயிருந்தது. நீந்தி நாலு வருஷம் ஆகியிருந்தது. "கபடிக்காரப் பொண்ணு" என்றுதான் ஊரே கூப்பிட்டது. கபடி போன பிறகு நான் யார் என்று எனக்கே தெரியவில்லை. இரண்டு வருஷம் கிரவுண்டுப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. இன்றைக்கும் அன்னக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு மணலில் நடக்கும்போது என் வலது கால் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் ஊன்றும்.

என் கதை முடிந்த கதை. முடியாத கதை ஒன்று இருக்கிறது, அதைக் கேளுங்கள்.

போன மாசம் என்னிடம் ஆட வருகிற ஒரு பெண், 13 வயசு, ஆட்டம் முடிந்ததும் போகாமல் நின்றாள். மற்றப் பிள்ளைகள் போகட்டும் என்று காத்திருந்தாள். அப்புறம் டிராக் பேண்ட்டை முழங்காலுக்கு மேலே சுருட்டிக் காட்டினாள். சில்லுக்கு நாலு விரல் கீழே, நெல்லிக்காய் அளவுக்கு ஒரு புடைப்பு. தொட்டேன், கையைத் தட்டிவிட்டாள், அவ்வளவு வலி. "மண்டி போட்டா உயிர் போவுதுக்கா. அம்மாகிட்ட சொல்லிடாதீங்க, ஆட வுட மாட்டாங்க" என்றாள். எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டேன். மழை பெய்த மாசத்தில் இருந்து என்றாள். ஆறு மாசம் அந்தக் காலோடு ரெய்டு போயிருக்கிறாள்.

வளர்கிற வயசில் எலும்பு வேகமாக நீளும், தசையும் நாரும் அதோடு ஓட முடியாமல் இறுகி நிற்கும். முழங்கால் சில்லில் இருந்து இறங்குகிற நார் காலெலும்பில் வந்து ஒட்டுகிற இடம் அந்த வயசில் இன்னும் குருத்தெலும்புதான், முற்றவில்லை. ஈர மண்ணில் அடித்த முளையில் படகைக் கட்டி, ஒரே பக்கமாக நாள் முழுக்க இழுக்க விட்டால் முளை என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதுதான் அவள் காலில் நடந்திருக்கிறது. டாக்டர்கள் இதற்கு ஆஸ்குட் ஸ்லாட்டர் என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். குதித்து ஓடி ஆடுகிற பிள்ளைகளுக்கு வருகிற சாதாரணச் சங்கதிதான், பெரும்பாலும் ஓய்வு கொடுத்தால் தணிந்துவிடும். அந்த ஓய்வுதான் அவளுக்குக் கிடைக்கவில்லை. காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம், வாரத்தில் ஆறு நாள். கூட்டிப் பாருங்கள், 24 மணி நேரம் ஆகிறது.

நீரு ஜெயந்தி என்ற விளையாட்டு மருத்துவர் அமெரிக்காவில் 7 வயசில் இருந்து 18 வயசு வரைக்கும் உள்ள சுமார் 1,200 பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு 2015-இல் வெளிவந்தது. வாரத்தில் தன் வயசைவிட அதிக மணி நேரம் விளையாட்டுப் பயிற்சி செய்கிற பிள்ளைக்குக் கடுமையான தேய்மானக் காயம் வருகிற வாய்ப்பு அதிகம் என்று அதில் தெரிந்தது. 13 வயசுப் பிள்ளைக்கு வாரத்துக்கு 13 மணி நேரம் என்று அளவு வைத்துக்கொள்ளலாம். நம் பெண் செய்தது 24. அந்த ஆய்வு வந்த அடுத்த வருஷம் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் கழகம் ஓர் அறிக்கை கொடுத்தது. பெரும்பாலான விளையாட்டுகளில் 15, 16 வயசு வரைக்கும் ஒன்றையே பிடித்துக்கொள்ள வேண்டாம், வாரத்தில் ஒன்றிரண்டு நாள் ஓய்வு வேண்டும், வருஷத்தில் மொத்தமாக மூன்று மாசம், ஒவ்வொரு மாசமாகப் பிரித்தாவது, அந்த ஆட்டத்தில் இருந்து விலகி இருக்க வேண்டும் என்றது.

மூன்று மாசமா என்று மலைக்காதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் இந்தக் கிழக்குக் கரையில் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. மீன் முட்டை போடட்டும், குஞ்சு பெருகட்டும் என்றுதான் அந்தத் தடை. இவ்வளவு பெரிய கடலுக்கே ஓய்வு வேண்டும் என்று ஒப்புக்கொண்ட கரையில் இருக்கிறோம் தோழர்களே. ஒரு பெண்பிள்ளையின் முழங்காலுக்கு ஒரு மாசம் கொடுக்க மாட்டோமா?

நம் பாட்டன்மார் பழவேற்காட்டு ஏரியில் பாடு வைத்தார்களே, எதற்கு? நல்ல இடம் என்று ஒரே ஆள் ஒரே இடத்தில் இறங்கிக்கொண்டே இருக்கக் கூடாது, முறை மாற வேண்டும், இடம் மாற வேண்டும் என்றுதான். வலையும் அப்படித்தான். இறாலுக்கு ஒரு வலை, மடவைக்கு ஒரு வலை, நண்டுக்கு ஒரு வலை என்று திண்ணையில் தொங்காத வீடு நம்மில் உண்டா? முகத்துவாரம் மண் மூடிக்கொண்ட வருஷங்களில், ஏரி வலை மட்டும் வைத்திருந்த வீடு பட்ட பாடு என்ன, கடல் வலையும் வைத்திருந்த வீடு எப்படித் தாக்குப் பிடித்தது என்று வயசானவர்களைக் கேளுங்கள். தொழிலில் இவ்வளவு தெரிந்த நாம், பிள்ளை விஷயத்தில் மட்டும் ஒரே வலையை அதன் கையில் திணித்து ஆழத்தில் இறக்கலாமா?

"அப்படி நாலு ஆட்டம் ஆடினா ஒண்ணுலயும் தேற மாட்டான்" என்று ஒரு பேச்சு எழும். எழட்டும், அதற்குப் பதில் இருக்கிறது. ஜெர்மனியைச் சேர்ந்த ஆர்னே குல்லிச்சும் அவரோடு சேர்ந்தவர்களும் 51 ஆய்வுகளில் இருந்து 6,096 விளையாட்டு வீரர்களின் விவரங்களை ஒன்றாகச் சேர்த்து 2021-இல் வெளியிட்டார்கள். அதில் 772 பேர் உலகத்தின் உச்சியைத் தொட்டவர்கள். அந்த உச்சிக்காரர்கள் சின்ன வயசில் பல ஆட்டம் ஆடியிருக்கிறார்கள், தங்கள் முக்கிய ஆட்டத்தைத் தாமதமாகத் தொடங்கியிருக்கிறார்கள், ஆரம்பத்தில் மெதுவாகவே முன்னேறியிருக்கிறார்கள். சின்ன வயசுப் போட்டிகளில் முந்தியவர்கள் இதற்கு நேர் எதிர். சீக்கிரம் தொடங்கினார்கள், ஒன்றையே அதிகம் ஆடினார்கள். 14 வயசுக்கு உட்பட்ட பிரிவில் கிடைக்கிற பதக்கமும் 24 வயசில் கிடைக்கிற பதக்கமும் ஒரே ரோட்டில் இல்லை என்றுதான் இதில் இருந்து நான் புரிந்துகொள்கிறேன். நாம் எந்தப் பதக்கத்துக்காகப் பிள்ளையை வளர்க்கிறோம்?

நார்வே என்று ஒரு நாடு. மொத்த ஜனத்தொகை நம் சென்னையைவிடக் குறைவு. அங்கே 12 வயசு வரைக்கும் பிள்ளைகளைத் தேசியச் சாம்பியன்ஷிப் போட்டிகளில் இறக்கக் கூடாது என்று அந்நாட்டு விளையாட்டுக் கூட்டமைப்பே விதி போட்டிருக்கிறது. பிள்ளை விளையாடட்டும், பல ஆட்டம் பழகட்டும், எதை ஆடுவது என்பதில் அதன் பேச்சும் எடுபடட்டும் என்பதே அவர்கள் கொள்கை. அந்தச் சின்ன நாடு 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் 16 தங்கம் வாங்கிப் பட்டியலில் முதலில் நின்றது.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் பையன்கள் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு கொண்டாடுகிற தோனி ராஞ்சியில் பள்ளிக்கூடத்துக் கால்பந்து அணியின் கோல்கீப்பர். பந்தைப் பாய்ந்து பிடிக்கிற அந்தக் கையைப் பார்த்துத்தான் கிரிக்கெட்டில் கீப்பிங் செய்யக் கூப்பிட்டார்கள். கால்பந்து ஆடவிட்டதால்தான் அந்தக் கை கிடைத்தது. சேலம் பக்கத்துப் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு பள்ளியில் வாலிபால் ஆசையோடு இருந்த பையன். உடற்கல்வி ஆசிரியர் உயரம் தாண்டிப் பார் என்று திருப்பிவிட்டார். 2016-இல் ரியோ பாராலிம்பிக்கில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, 2024-இல் பாரிஸில் வெண்கலம். அந்த ஆசிரியர் "உன் பெயருக்கு நேரே வாலிபால் என்று எழுதியாச்சு" என்று சொல்லியிருந்தால்?

இன்னொருவரைச் சொல்ல வேண்டும். செங்கல்பட்டுப் பக்கம் மொரப்பாக்கத்தில் பிறந்த எம்.ஜே. கோபாலன். 1934-இல் கல்கத்தாவில் இந்தியாவுக்காக டெஸ்ட் கிரிக்கெட் ஆடினார். அதே வருஷம் நவம்பரில் சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தை வீசினார். அடுத்த வருஷம் தியான் சந்தோடு இந்திய ஹாக்கி அணியில் நியூசிலாந்து போனார். இரண்டு ஆட்டமும் ஒரே உடம்பில் இருந்தது. 1936-இல் பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கியா, இங்கிலாந்து கிரிக்கெட் பயணமா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டி வந்தது. கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். அங்கே அவருக்கு ஒரு டெஸ்ட்கூட ஆடக் கிடைக்கவில்லை. ஹாக்கி அணி தங்கத்தோடு ஊர் திரும்பியது. வளர்ந்த மனிதர், 26 வயசு, ஆட்டத்தின் உள்ளும் புறமும் தெரிந்தவர், தானே யோசித்து எடுத்த முடிவுக்கே இந்த கதி. பதினொரு வயசுப் பிள்ளைக்காக நாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து முடிவெடுக்கிறோம் என்றால் எனக்கு உடம்பு நடுங்குகிறது.

எல்லா விளையாட்டும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. ஜிம்னாஸ்டிக்ஸ் சின்ன வயசிலேயே தொடங்க வேண்டியது. சதுரங்கத்தில் நம் குகேஷ் 2024-இல் 18 வயசில் உலகச் சாம்பியன் ஆனார் என்றால் ஏழெட்டு வயசில் இருந்து பலகை முன்னால் உட்கார்ந்ததால்தான். கபடியும் வாலிபாலும் ஓட்டமும் அப்படி இல்லை. கபடி வளர்ந்த உடம்பு கேட்கிற ஆட்டம். அங்கே எடை வேண்டும், மூச்சு வேண்டும், விழத் தெரிய வேண்டும். நீந்துகிற பிள்ளைக்கு மூச்சு தானாக வரும். ஓடுகிற பிள்ளைக்குக் கால் வரும். வாலிபால் ஆடுகிற பிள்ளைக்குக் குதித்து இறங்கும் பழக்கம் வரும். நாலு வருஷம் கழித்து அவையெல்லாம் கபடிக் கோட்டுக்குள்தான் வந்து சேரும்.

"பிள்ளையே கபடி கபடி என்று உயிரை விடுகிறதே" என்று கேட்பீர்கள். ஆடட்டும். ஆசையை யாரும் தடுக்க வேண்டாம். அந்தப் பிள்ளைக்கும் வாரத்தில் இரண்டு நாள் வேறு வேலை கொடுப்போம், முழங்காலைப் பார்த்துக்கொள்வோம்.

சீட்டு விஷயத்துக்கு வருகிறேன், அதுதான் எல்லாருக்கும் நெஞ்சில் குத்துவது. விளையாட்டு விடுதியில் ஏழாவதில் சேரலாம், எட்டாவதில் சேரலாம், ஒன்பதாவதில் சேரலாம். பதினொன்றாம் வகுப்பிலும் சேர்க்கிறார்கள். ஏழாவதில் விட்டால் எல்லாம் போச்சு என்று நம்மை யாரோ பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள். பத்தாவது வரைக்கும் பல ஆட்டம் ஆடி, உடம்பு கெடாமல், எது தன்னுடையது என்று தெரிந்துகொண்டு, பதினொன்றாவதில் செலக்‌ஷனுக்குப் போகிற பிள்ளை முழு ஆளாகப் போய் நிற்கும். வீட்டு நிலைமை பொறுக்காமல் முன்னாலேயே விடுதிக்கு அனுப்புகிற குடும்பங்களும் நம்மில் உண்டு. அவர்களை நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். சோறு பெரிது. அந்தப் பிள்ளைகளுக்காகத்தான் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்துக்கு ஊர் சார்பில் மனு எழுத வேண்டும் என்கிறேன்: விடுதிப் பிள்ளைக்கு அதன் ஆட்டத்தோடு இன்னொரு ஆட்டம் ஆட நேரம் கொடுங்கள், வருஷத்தில் முழு ஓய்வு மாசம் கொடுங்கள், காயம் பட்ட பிள்ளையைக் குணமாகும் வரைக்கும் வைத்துப் பாருங்கள், பெட்டியைக் கட்டி வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

அந்த மனுவில் இன்னொன்றும் கேட்போம். சென்னைப் பெண் நேத்ரா குமணன் சின்ன வயசில் டென்னிஸ், கூடைப்பந்து, பரதம் என்று எல்லாம் பழகிப் பார்த்துவிட்டு, 2009-இல் தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கத்தின் கோடை முகாமுக்குப் போனார். பாய்மரப் படகுப் போட்டியில் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் அவர்தான். மாமல்லபுரத்து மீனவக் குடும்பத்துக் கமலி மூர்த்தி ஸ்கேட்போர்டிலும் ஏறினாள், அலைச்சறுக்குப் பலகையிலும் ஏறினாள். அவளைப் பற்றி எடுத்த படத்தை உலகமே பார்த்தது. நம் பிள்ளைகள் கழி ஊன்றி ஏரியில் படகு தள்ளுகிறார்கள், காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கன்னத்தை வைத்தே சொல்கிறார்கள். துடுப்புப் படகும் பாய்மரமும் கயாக்கும் போட்டி விளையாட்டுகள், அவற்றிலும் சர்டிபிகேட் உண்டு, ஒதுக்கீடு உண்டு என்று நம்மிடம் யாராவது வந்து சொன்னார்களா? இத்தனை தண்ணீர் சூழ்ந்து கிடக்கிற ஊரில் தண்ணீர் விளையாட்டு ஒன்றுகூட அந்த நோட்டில் இல்லை. பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது.

தண்ணீரில் இறக்குவது என்றால் கண்மூடி இறக்குவது இல்லை. 2011 டிசம்பர் 25-ஆம் தேதி இந்தத் தண்ணீரில் படகு கவிழ்ந்து 22 பேர் போனதை நாம் மறக்கவில்லை. லைஃப் ஜாக்கெட் இல்லாமல், கரையில் இரண்டு பெரியவர்கள் நிற்காமல், ஒரு பிள்ளையும் இறங்கக் கூடாது.

இதற்கெல்லாம் பணம் எங்கே என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஒரே ஆட்டத்தை வருஷம் முழுக்க ஆடவைக்கத்தான் செலவு அதிகம்: ஊர் ஊராகப் போட்டிக்கு பஸ் காசு, முட்டை, நீகேப், ஷூ, அப்புறம் ஸ்கேன். இரண்டாவது ஆட்டத்துக்கு மணல் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, ஒரு பழைய வலையைக் கட்டினால் வாலிபால் நெட். வேண்டியது ஆள்தான். அந்த ஆள் நாம்தான்.

நான் நினைத்திருப்பது இது, ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து திருத்துங்கள். பள்ளிப் போட்டிகள் நடக்கிற ஜூன் முதல் செப்டம்பர் வரைக்கும் கபடியும் வாலிபாலும், ஆளுக்கு இரண்டும். ஐப்பசி கார்த்திகை மழையில் கிரவுண்டு சேறாகும்போது கூடத்துக்குள் உடற்பயிற்சி, கேரம். மார்கழி மாசம் பிள்ளைகளைத் தூங்க விடுவோம், ஒரு விசில் சத்தமும் கேட்கக் கூடாது. தை பிறந்ததும் கரையோரம் ஓட்டம். கோடையில் நீச்சல், துடுப்பு. எந்த மாசமும் எந்தப் பிள்ளைக்கும் வாரத்தில் அதன் வயசுக்கு மேல் ஒரு மணி நேரம்கூடப் பயிற்சி கிடையாது. வலி என்று சொல்கிற பிள்ளையை "நடிக்கிறியா" என்று யாரும் கேட்கக் கூடாது.

பெண்பிள்ளைகளைப் பெற்றவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். நம் பையன் கபடி இல்லாத நாளில் கிரிக்கெட் ஆடுவான், கடலில் குதிப்பான், அவனுக்குப் பல ஆட்டம் தானாகவே நடந்துவிடும். பெண்ணுக்கு அனுமதி கிடைப்பதே அந்த ஒரே ஆட்டத்துக்குத்தான், அதுவும் பள்ளிக்கூடம் கேட்டதால். பெரியவள் ஆனதும் ஏரியில் இறங்காதே என்று நிறுத்திவிடுகிறோம். என்னையும் நிறுத்தினார்கள். அவளுக்கு நீச்சலைத் திருப்பிக் கொடுங்கள். கோடையில் சாயங்காலம் ஐந்து மணிக்குப் பெண்பிள்ளைகளுக்கு மட்டும் துறையில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள், கரையில் நான் நிற்கிறேன், இன்னும் மூன்று அக்காமார் நிற்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

பதினொன்றாம் வகுப்பில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கட்டும். அதைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். அன்றைக்கு முழு மூச்சாக அதில் இறங்குவதற்கு நான் தடை சொன்னால் என்னைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

அண்ணன்மாரே, அந்த நோட்டைக் கிழிக்க வேண்டாம். தம்பிகள் வெயிலில் வீடு வீடாகப் போய் எழுதிய பெயர்கள் அதில் இருக்கின்றன. அதையே எடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இன்னும் இரண்டு கோடு போடுவோம். ஒன்றில் தரையில் ஆடுகிற இன்னொரு ஆட்டம், ஒன்றில் தண்ணீரில் செய்கிற ஏதோ ஒன்று. கடைசியில் ஒரு கட்டம் விடுவோம், எங்கே வலி, எத்தனை நாளாக என்று எழுத. முழங்கால் வீங்கிய அந்தப் பெண்ணின் பெயர்தான் அதில் முதலில் வரும். அவள் அம்மாவிடம் நான் பேசிவிட்டேன். ஆறு வாரம் ஆட்டம் இல்லை என்றதும் பிள்ளை ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. மறுநாள் வாலிபால் ஸ்கோர் எழுதுகிறேன் என்று வந்து உட்கார்ந்துகொண்டாள்.

ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்கே நான் கூடத்துக்கு வந்து பாய் விரித்து வைக்கிறேன். ஐந்து மணிக்கு எல்லாரும் வந்துவிடுங்கள், ராத்திரி தொழிலுக்குப் போகிறவர்களை ஆறரைக்குள் அனுப்பிவிடலாம். வரும்போது பிள்ளையையும் கூட்டி வாருங்கள். அந்த இரண்டு கோட்டிலும் என்ன எழுதுவது என்று அதைக் கேட்டுத்தான் எழுத வேண்டும்.